பலியும் பதிலடியும்: சதுரங்க வாசகர்களின் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. காயைப் பலி கொடுத்துத் தாக்குவது, அப்படித் தாக்கப்படும்போது திருப்பித் தாக்குவது என்ற இரண்டைப் பற்றியே பலரும் கேட்டிருப்பதால், இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அதற்கே ஒதுக்குகிறேன். நகர்த்தல் குறிப்புகளைப் படித்துப் பழகாதவர்களுக்காக ஒரு சொல்: வெள்ளைக்கு இடப்புறத்திலிருந்து நெடுவரிசைகள் ஏ முதல் எச் வரை, வெள்ளையின் பக்கத்திலிருந்து குறுக்குவரிசைகள் 1 முதல் 8 வரை. காயின் பெயர் இல்லாமல் கட்டம் மட்டும் குறிக்கப்பட்டிருந்தால் அது சிப்பாயின் நகர்த்தல். கோட்டை கட்டுவது என்பது ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றி ராஜாவைப் பாதுகாப்பது. பலகையில் காய்களை அடுக்கிவைத்துக்கொண்டு படிப்பது நல்லது.

கேள்வி: நான் வெள்ளைக் காய்களுடன் ஆடிய ஆட்டம் ஒன்றை அனுப்பியிருக்கிறேன். எச்7 கட்டத்தில் பிஷப்பைப் பலி கொடுத்து, 17ஆவது நகர்த்தலில் மேட் வைத்தேன். ஆனால் எஞ்சினில் (சதுரங்கத்தைக் கணக்கிடும் கணினி நிரலில்) போட்டுப் பார்த்தால், அந்தப் பலியையே பெரும் பிழை என்று காட்டுகிறது. மேட்டில் முடிந்த தாக்குதல் எப்படிப் பிழையாகும்?

ஆட்டம்: 1. டி4, டி5 2. குதிரை எஃப்3, குதிரை எஃப்6 3. இ3, இ6 4. பிஷப் டி3, பிஷப் டி6 5. இருவரும் ராஜா பக்கம் கோட்டை கட்டினோம் 6. குதிரை பி1-இலிருந்து டி2, குதிரை பி8-இலிருந்து டி7 7. இ4, டி5 சிப்பாய் இ4-ஐ வெட்டியது 8. டி2 குதிரை இ4-ஐ வெட்டியது, எஃப்6 குதிரை அதை வெட்டியது 9. பிஷப் இ4-ஐ வெட்டியது, சி5 10. பிஷப் எச்7-ஐ வெட்டி செக், ராஜா பிஷப்பை வெட்டியது 11. குதிரை ஜி5 செக், ராஜா ஜி8 12. ராணி எச்5, யானை இ8 13. ராணி எஃப்7-ஐ வெட்டி செக், ராஜா எச்8 14. ராணி எச்5 செக், ராஜா ஜி8 15. ராணி எச்7 செக், ராஜா எஃப்8 16. ராணி எச்8 செக், ராஜா இ7 17. ராணி ஜி7-ஐ வெட்டி மேட்.

பதில்: முதலில் உங்களுக்குப் பாராட்டு. 13ஆவது நகர்த்தலில் நேராக எச்7-க்குப் போய்விடாமல், முதலில் எஃப்7 சிப்பாயை வெட்டிவிட்டு ராணியை மறுபடி எச்5-க்குக் கொண்டுவந்தீர்களே, அந்த வரிசை தெரியாமல் மேட்டைக் கோட்டைவிட்டவர்கள் பலர். முடிவை நீங்கள் பிசகில்லாமல் ஆடியிருக்கிறீர்கள். ஆனால் நாம் ஆராய வேண்டியது முடிவை அன்று, 10ஆவது நகர்த்தலில் நீங்கள் எடுத்த தீர்மானத்தை.

12. ராணி எச்5 என்ற இடத்தில் பலகையைத் திருப்பி, கறுப்பின் பக்கம் உட்கார்ந்து பாருங்கள். எச்7-இல் மேட் மிரட்டல் இருக்கிறது. அதைத் தடுக்கக் கறுப்பிடம் யானை இ8 மட்டும்தான் உண்டா? டி7-இல் ஒரு குதிரை சும்மா நிற்கிறது. அது எஃப்6-க்கு வந்தால் எச்7 காக்கப்படுகிறது. அதே நகர்த்தலில் எச்5-இல் நிற்கும் உங்கள் ராணியும் தாக்கப்படுகிறது. ராணி எச்4-க்கு ஒதுங்க வேண்டும். கறுப்பு சி5 சிப்பாயால் டி4-ஐ வெட்டிக்கொள்ளும். இப்போது கணக்குப் பாருங்கள்: நீங்கள் கொடுத்தது ஒரு பிஷப், வாங்கிய எச்7 சிப்பாயும் டி4-இல் போய்விட்டது. தாக்குதலில் உங்கள் ராணியும் குதிரையும் மட்டுமே இருக்கின்றன; யானைகள் வந்து சேர இன்னும் பல நகர்த்தல்கள் ஆகும். ஒரே ஒரு குதிரை நகர்த்தலில் உங்கள் தாக்குதல் முழுவதும் கரைந்துவிடுகிறது. எஞ்சின் சொல்வது இதைத்தான்.

இந்தப் பலி மிகப் பழையது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலிய ஆட்டக்காரர் ஜியோகினோ கிரேக்கோ எழுதிவைத்த ஆட்டங்களிலேயே இது இருக்கிறது. இது எப்போது செல்லும் என்பதைப் பார்க்க, உங்கள் ஆட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொன்றை வைக்கிறேன். 1. இ4, இ6 2. டி4, டி5 3. குதிரை சி3, குதிரை எஃப்6 4. இ5, குதிரை எஃப்6-இலிருந்து டி7 5. குதிரை எஃப்3, பிஷப் பி4 6. பிஷப் டி3, கறுப்பு அவசரப்பட்டுக் கோட்டை கட்டுகிறது. இங்கே 7. பிஷப் எச்7-ஐ வெட்டி செக், ராஜா வெட்டுகிறது 8. குதிரை ஜி5 செக், ராஜா ஜி8 9. ராணி எச்5. பார்வைக்கு உங்கள் ஆட்டம் போலவே இருக்கிறது. டி7-இல் கறுப்புக் குதிரையும் நிற்கிறது. ஆனால் இப்போது குதிரை எஃப்6-க்கு வந்தால் இ5 சிப்பாய் அதை வெட்டுகிறது, எச்7 மிரட்டல் அப்படியே நிற்கிறது. கறுப்பு ராணி அந்தச் சிப்பாயை வெட்டினால் ராணி எச்7-இல் மேட். இரண்டு நிலைகளையும் பிரிப்பது அந்த இ5 சிப்பாய் ஒன்றுதான். உங்கள் ஆட்டத்தில் 7ஆவது நகர்த்தலில் இ4-இல் அந்தச் சிப்பாய் மாற்றப்பட்டபோதே எச்7 பலிக்கு வேண்டிய அடிப்படை போய்விட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். குதிரை ஜி5 செக்குக்குப் பிறகு ராஜா போகக்கூடிய கட்டங்களில் கவனிக்க வேண்டியவை மூன்று: ஜி8, எச்6, ஜி6. பெரும்பாலானோர் ஜி8-ஐ மட்டும் பார்த்துவிட்டு பிஷப்பைப் பலி கொடுத்துவிடுகிறார்கள். மேலே சொன்ன இரண்டு நிலைகளிலும் எச்6-க்குப் போனால், குதிரை இ6-ஐ வெட்டும்போது சி1 பிஷப்பின் மறைசெக் (மறைத்து நின்ற காய் விலகுவதால் வரும் செக்) விழுந்து கறுப்பு ராணி பறிபோகும், அது எளிது. ஜி6-க்கு ராஜா ஏறிவரும்போதுதான் உண்மையான சோதனை. வெள்ளை ராணி ஜி4-க்கு வந்து குதிரை விலகும்போது விழும் மறைசெக்கைக் குறிவைக்கும், கறுப்பு எஃப்5 தள்ளித் தடுக்கும், அங்கிருந்து ஒவ்வொரு நகர்த்தலையும் எண்ணித்தான் ஆக வேண்டும். ராஜா ஜி6 என்ற கிளையைப் பாராமல் எச்7-இல் கை வைக்கக் கூடாது என்பதை நான் கட்டாயமாகவே சொல்வேன்.

ஆஸ்திரிய ஆட்டக்காரர் ருடால்ஃப் ஷ்பீல்மான் பலிகளை இரண்டு வகையாகப் பிரித்தார். கொடுத்த காய் வட்டியோடு திரும்பி வரும் அல்லது மேட் விழும் என்று கடைசிவரை கணக்கிட முடிந்தது ஒரு வகை. கணக்கு முடியாத இடத்தில், நிலையின் வலிமையை நம்பிக் கொடுப்பது இன்னொரு வகை. இரண்டுக்கும் சதுரங்கத்தில் இடம் உண்டு. 1960இல் 23 வயதில் போட்வின்னிக்கை வென்று உலகச் சாம்பியனான மிகயில் தால், அந்தப் போட்டியின் 6ஆவது ஆட்டத்தில் எஃப்4-இல் ஒரு குதிரையைக் கொடுத்தார்; அது முழுக்கச் சரிதானா என்று ஆய்வாளர்கள் பின்னர் நெடுநாள் விவாதித்தார்கள். எதிராளி ஒவ்வொரு நகர்த்தலிலும் கடினமான தேர்வுகளைச் சந்திக்கும்படி அந்தப் பலி அமைந்திருந்தது. உங்கள் பலியோ எதிராளி ஒரே ஒரு நகர்த்தலைக் காணாமல் இருக்க வேண்டும் என்பதை மட்டுமே நம்பி நிற்கிறது. 10ஆவது நகர்த்தலில் சி3 ஆடி டி4-ஐ உறுதிப்படுத்தியிருந்தால் உங்கள் நிலை நன்றாகவே இருந்திருக்கும்.

கேள்வி: எதிராளி தன் ராணியை வெட்டுக்கு விட்டுவிட்டு வேறொரு காயை நகர்த்தினால், அது வலையா, கவனக்குறைவா என்று எப்படிக் கண்டுகொள்வது? ராணியை வெட்டியதும் மூன்றே நகர்த்தலில் மேட் வாங்கினேன்.

பதில்: நீங்கள் விழுந்த குழி 18ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஆடிய லெகாலின் பெயரால் வழங்குவது. அதன் சுருக்கமான வடிவம்: 1. இ4, இ5 2. குதிரை எஃப்3, டி6 3. பிஷப் சி4, பிஷப் ஜி4 4. குதிரை சி3, ஜி6 5. குதிரை இ5-ஐ வெட்டுகிறது. ஜி4-இல் நிற்கும் கறுப்பு பிஷப்புக்கு எதிரே வெள்ளை ராணி திறந்து கிடக்கிறது. கறுப்பு அதை வெட்டினால் 6. பிஷப் எஃப்7-ஐ வெட்டி செக், ராஜா இ7 7. குதிரை டி5 மேட்.

வலையா, தவறா என்பதைக் கண்டுகொள்ள எதிராளியின் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை. ராணியை வெட்டிய பிறகு எதிராளிக்கு என்னென்ன செக் இருக்கின்றன என்று மட்டும் எண்ணுங்கள். இங்கே இருப்பவை இரண்டே: பிஷப் பி5-இல் வைப்பதை சி6 தள்ளித் தடுத்துவிடலாம்; ஆபத்தானது எஃப்7-இல் வைப்பது. அதற்கு உங்களுக்கு இருக்கும் பதிலும் ஒன்றே. அடுத்த செக்குகளில் குதிரை டி5-க்கு வருவது மேட். கிளைகள் அதிகமில்லாத மூன்று படிகளைக் கணக்கிட எந்த ஆட்டக்காரராலும் முடியும். ராணி இலவசமாகக் கிடைக்கிறது என்ற மகிழ்ச்சிதான் அந்தக் கணக்கைப் போடவிடாமல் தடுக்கிறது. வெட்டாமல் டி6 சிப்பாயால் குதிரையை வெட்டியிருந்தால், வெள்ளை ராணி ஜி4 பிஷப்பை வெட்டும். உங்களுக்கு ஒரு சிப்பாய் மட்டுமே நட்டம், ஆட்டம் தொடரும்.

இதில் பலி கொடுப்பவருக்கும் ஒரு பாடம் இருக்கிறது. அதை நீங்கள் அடுத்த முறை பயன்படுத்திக்கொள்ளலாம். 4ஆவது நகர்த்தலாகக் கறுப்பு ஜி6-க்குப் பதிலாகக் குதிரையை சி6-க்குக் கொண்டுவந்திருந்தால் இந்தப் பலி செல்லாது. வெள்ளைக் குதிரை இ5-ஐ வெட்டும்போது சி6 குதிரை அதை வெட்டும். அந்தக் குதிரையே ஜி4 பிஷப்பையும் காத்து நிற்கும். வெள்ளைக்கு ஒரு காய் வீண். ஆனால் அதே நிலையில் வெள்ளை முதலில் எச்3 தள்ளி, கறுப்பு பிஷப் எச்5-க்குப் பின்வாங்கினால், கதை மறுபடி மாறுகிறது. இப்போது குதிரை இ5-ஐ வெட்ட, கறுப்புக் குதிரை அதை வெட்ட, வெள்ளை ராணி எச்5 பிஷப்பை வெட்டுகிறது. கறுப்புக் குதிரை சி4 பிஷப்பை வெட்டினால் ராணி பி5-இல் செக் வைத்து, அடுத்து அந்தக் குதிரையையும் எடுத்துக்கொள்ளும். கூட்டிக் கழித்தால் வெள்ளைக்கு ஒரு சிப்பாய் லாபம். ஒரே பலி, மூன்று சூழல். ஒன்றில் மேட், ஒன்றில் காய் நட்டம், ஒன்றில் சிப்பாய் லாபம். ஆகவே பலிகளைப் படமாக மனத்தில் பதித்துக்கொள்வது மட்டும் போதாது, எந்தக் காய் எந்தக் கட்டத்தைக் காக்கிறது என்பதை ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்க்க வேண்டும்.

கேள்வி: என் ராஜாவின் பக்கம் எதிராளி சிப்பாய்களைத் தள்ளிக்கொண்டும் காய்களைக் குவித்துக்கொண்டும் வரும்போது, நான் ஒவ்வொரு மிரட்டலையும் தடுத்துத் தடுத்தே கடைசியில் தோற்றுவிடுகிறேன். எப்போது தடுப்பது, எப்போது திருப்பித் தாக்குவது?

பதில்: ஓரத்தில் வரும் தாக்குதலுக்கு நடுப்பகுதியில் பதிலடி கொடு என்பது சதுரங்கத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டுவரும் அறிவுரை. அதன் காரணத்தைப் புரிந்துகொண்டால்தான் அதை எப்போது கடைப்பிடிக்கக் கூடாது என்பதும் புரியும். எதிராளி ஜி, எச் சிப்பாய்களைத் தள்ளும்போது இரண்டு விலைகளைக் கொடுக்கிறார்: அந்த நகர்த்தல்களை நடுப்பகுதியில் செலவிடவில்லை, தன் ராஜாவும் அதே பக்கத்தில் இருந்தால் அதன் முன்னாலிருந்த திரையையும் விலக்கிவிட்டார். நடுப்பகுதி திறந்தால் இந்த இரண்டு விலைகளும் உடனே வசூலாகும். நடுப்பகுதி சிப்பாய்களால் இறுகப் பூட்டப்பட்டிருந்தால் வசூலாகாது. அப்போது அவருடைய தாக்குதல் யாருடைய குறுக்கீடும் இல்லாமல் நடக்கும். எனவே முதல் மிரட்டல் வரும் முன்பே, டி5 அல்லது சி5 அல்லது இ5 என்ற உடைப்பு நகர்த்தல்களில் எது உங்களுக்குச் சாத்தியம் என்று பாருங்கள். சாத்தியமானது ஒன்று இருந்தால், அதற்கு ஒரு நகர்த்தல் முன்னதாகத் தயாராவது, ராஜாவைச் சுற்றி ஒரு காயைக் கூடுதலாக நிறுத்துவதைவிடப் பெரும்பாலும் மேலானது.

இதற்கு என் மனத்தில் முதலில் வரும் ஆட்டம், 2013 ஜனவரியில் நெதர்லாந்தின் வைக் ஆன் ஸே நகரில் லெவோன் அரோனியனுக்கு எதிராக விஸ்வநாதன் ஆனந்த் கறுப்பில் ஆடியது. 12ஆவது நகர்த்தலில் வெள்ளைக் குதிரை ஜி5-க்குத் தாவி எச்7-ஐக் குறிவைக்கிறது. ஆனந்த் எச்7-ஐக் காக்கவில்லை. சி5 என்று நடுப்பகுதியை உடைத்தார். அரோனியனின் குதிரை எச்7-ஐ வெட்டியது. அங்கிருந்து அது எஃப்8 யானையையும் தாக்குகிறது. நம்மில் பலர் இந்த இடத்தில் அந்தக் குதிரையை வெட்டுவோம். ஆனந்தோ தன் குதிரையை ஜி4-க்கு அனுப்பினார். டி6-இல் நிற்கும் பிஷப்போடு சேர்ந்து அது எச்2-ஐக் குறிவைப்பதால், வெள்ளை எஃப்4 தள்ளித் தடுக்க வேண்டியதாயிற்று. அந்தச் சிப்பாய் நகர்ந்ததும் ஜி1-இல் இருந்த வெள்ளை ராஜாவை நோக்கும் மூலைவிட்டம் பலவீனமானது. டி4-இல் சிப்பாய்கள் மாறின. பிஷப் சி5-க்கு வந்தது, அதை டி4 சிப்பாய் வெட்டலாம் என்ற நிலையிலேயே. அடுத்து இன்னொரு குதிரை இ5-க்கு வந்து அதுவும் வெட்டுக்கு நின்றது. ஒரு பிஷப் டி4-இலும், மற்றொரு பிஷப் பி7-இலும் வெள்ளை ராஜாவின் இரண்டு பக்கங்களையும் பிளந்தன.

நான் மிகவும் மதிப்பது 19ஆவது நகர்த்தலை. வெள்ளைக் குதிரை கடைசியில் எஃப்8 யானையை வெட்டியபோது, ஆனந்த் அதைத் திருப்பி வெட்டாமல் எஃப்5 என்று ஒரு சிப்பாயை அமைதியாக முன்வைத்தார். ஜி4 குதிரை உறுதிப்பட்டது; வெள்ளைக்கு மிரட்டல்களைச் சமாளிக்க நேரமில்லாமல் போனது. 23 நகர்த்தல்களில் ஆட்டம் முடிந்தது. இரண்டு பிஷப்புகள் இப்படி ஒருங்கே பாய்வதைக் கண்டவர்கள், 1907இல் வூச் நகரில் ரோட்லேவிக்கு எதிராக அகிபா ரூபின்ஸ்டைன் ஆடிய புகழ்பெற்ற ஆட்டத்தை நினைவுகூர்ந்தார்கள். நீங்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த நகர்த்தல்களை அல்ல, அவற்றுக்குப் பின்னால் இருக்கும் கேள்வியை: எதிராளியின் காய் என் பக்கத்துக்கு வந்துவிட்டதால், அவருடைய பக்கத்தில் எந்தக் காவல் குறைந்தது? ஜி5-க்கும் எச்7-க்கும் போன அந்தக் குதிரை எஃப்3-இல் இருந்திருந்தால், எச்2-வும் டி4-உம் பலவீனமான கட்டங்களாக மாறியிருக்க மாட்டா.

எதிர்த்தாக்குதல் என்றாலே வெற்றி என்று நினைத்துவிடவும் வேண்டாம். 1. இ4, இ5 2. குதிரை எஃப்3, குதிரை சி6 3. பிஷப் சி4, குதிரை எஃப்6 4. குதிரை ஜி5 என்று எஃப்7 தாக்கப்படும்போது, பிஷப் சி5 என்று அதைப் பொருட்படுத்தாமல் ஆடும் ஒரு முறை உண்டு. செக் நாட்டுப் பாதிரியார் காரெல் டிராக்ஸ்லர் 1890இல் ஆடியதால் அவர் பெயர் பெற்றது. வெள்ளைக் குதிரை எஃப்7-ஐ வெட்டினால், கறுப்பு பிஷப் எஃப்2-ஐ வெட்டி செக் வைத்து, வெட்டிய ராஜாவை இ4-இல் குதிரையால் மறுபடி செக் வைத்துத் துரத்தும். ராணியையும் யானையையும் ஒன்றாகத் தாக்கிய வெள்ளை திடீரென்று தற்காப்பில் இறங்க வேண்டிவரும். அமெச்சூர் ஆட்டங்களில் இது மிகவும் பிடித்தமானது. ஆனால் வெள்ளை பேராசைப்படாமல் குதிரைக்குப் பதிலாக பிஷப்பால் எஃப்7-ஐ வெட்டி செக் வைத்து, ராஜா இ7-க்கு வந்ததும் பிஷப்பை பி3-க்குப் பின்வாங்கிக்கொண்டால், ஒரு சிப்பாயும் கையில் இருக்கிறது, கறுப்பு ராஜாவுக்குக் கோட்டை கட்டும் உரிமையும் போய்விடுகிறது. எதிர்த்தாக்குதலை ஆராயும்போது எதிராளியின் ஆவேசமான பதிலை மட்டும் பாராமல், அடக்கமான பதிலையும் கட்டாயம் பாருங்கள்.

கேள்வி: எதிராளியின் பலியை ஏற்று ஒரு காய் கூடுதலாக இருந்தும் பல ஆட்டங்களில் தோற்றிருக்கிறேன். வாங்கிய காயை எப்படிக் காப்பாற்றுவது?

பதில்: காப்பாற்ற வேண்டியது ஆட்டத்தை, காயை அல்ல. பலியை ஏற்றவர் கையில் இருக்கும் மிகப் பெரிய ஆயுதம், தகுந்த நேரத்தில் அதைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை. எவன்ஸ் கேம்பிட் என்ற தொடக்க ஆட்டத்தில் வெள்ளை பி4 சிப்பாயைக் கொடுத்து வேகம் பெறுகிறது: 1. இ4, இ5 2. குதிரை எஃப்3, குதிரை சி6 3. பிஷப் சி4, பிஷப் சி5 4. பி4, பிஷப் பி4-ஐ வெட்டுகிறது 5. சி3, பிஷப் ஏ5 6. வெள்ளை கோட்டை கட்டுகிறது, டி6 7. டி4. 19ஆம் நூற்றாண்டில் இந்த இடத்தில் சிப்பாயைப் பிடித்துக்கொண்டே நின்ற கறுப்புகள் வரிசையாக மேட் வாங்கின. உலகச் சாம்பியனாக இருந்த எமானுவேல் லாஸ்கர் பிஷப்பை பி6-க்குப் பின்வாங்கினார். வெள்ளை இ5-இல் வெட்டி, ராணிகளை டி8-இல் மாற்றி, இ5 சிப்பாயைத் திரும்ப எடுத்துக்கொள்ளட்டும்; கறுப்பு பிஷப் இ6-க்கு வந்துவிட்டால் ராணிகள் இல்லாத பலகையில் தாக்குதல் ஏது? சிப்பாய் எண்ணிக்கை சமம். வெள்ளையின் ஏ, சி சிப்பாய்கள் தனித்தனியாக நிற்க, கறுப்பின் அமைப்பு சிதையாமல் இருக்கிறது.

திருப்பிக் கொடுக்காமல் நின்று தாங்கியதற்கும் உதாரணம் உண்டு. 1918இல் நியூயார்க்கில் ஃபிராங்க் மார்ஷல், பின்னாளில் உலகச் சாம்பியனான காபபிளாங்காவுக்கு எதிராக டி5 தள்ளி இ5 சிப்பாயைக் கொடுத்துத் தாக்கினார். இன்றும் மார்ஷல் தாக்குதல் என்று ஆடப்படுவது அதுதான். காபபிளாங்கா சிப்பாயை ஏற்று, ராஜாவைச் சுற்றி வந்த ஒவ்வொரு மிரட்டலையும் பொறுமையாக அவிழ்த்து 36 நகர்த்தல்களில் வென்றார். அவர் காபபிளாங்கா. நாம் முதலில் லாஸ்கரின் வழியைக் கற்றுக்கொள்வோம்.

கேள்வி: யானையைக் கொடுத்து பிஷப்பை மட்டும் வாங்குவது, மேட் எதுவும் கண்ணில் தெரியாதபோது, எப்போதாவது சரியாகுமா?

பதில்: ஆகும். 1953இல் சூரிச்சில் ரெஷெவ்ஸ்கிக்கு எதிராகக் கறுப்பில் ஆடிய பெட்ரோசியன் 25ஆவது நகர்த்தலில் யானையை இ6-இல், பிஷப்பின் வாயிலேயே கொண்டுபோய் நிறுத்தினார். வெள்ளையின் நடுச் சிப்பாய்கள் முன்னேறக் காத்திருந்தன. கறுப்புக் காய்கள் நெரிந்து கிடந்தன. அந்த யானை நகர்ந்ததால் சி6 குதிரைக்கு இ7 வழியாக டி5-க்குப் போகப் பாதை கிடைத்தது. வெள்ளையின் பிஷப் அந்த யானையை வெட்டிய பிறகு டி5-இல் வந்தமர்ந்த குதிரையை விரட்ட வெள்ளையிடம் எதுவுமில்லை. ஆட்டம் டிராவில் முடிந்தது. இத்தகைய பலியை எடைபோடும்போது, என் குதிரை ஒரு நல்ல கட்டத்தில் நிலையாக அமருமா, எதிராளியின் யானைகளுக்குத் திறந்த வரிசை கிடைக்குமா என்ற இரண்டை மட்டும் கேளுங்கள். முதலாவதற்கு ஆம், இரண்டாவதற்கு இல்லை என்றால் தயங்காமல் கொடுக்கலாம்.

கேள்வி: ஆடி முடித்த ஆட்டத்தை எஞ்சினில் போட்டால் சில நொடிகளில் எல்லாப் பிழைகளும் தெரிந்துவிடுகின்றன. பிறகு நாமே ஆராய்வதில் என்ன பயன்?

பதில்: எது பிழை என்பதை எஞ்சின் சொல்லும், அது ஏன் உங்களுக்குப் பிழையாகத் தெரியவில்லை என்பதைச் சொல்லாது. முதல் கேள்வி கேட்ட வாசகரின் ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 10ஆவது நகர்த்தலுக்கு எதிரே எஞ்சின் ஓர் எண்ணைக் காட்டும். சிப்பாய் ஒன்றை அலகாகக் கொண்ட அந்த எண், வெள்ளை எவ்வளவு பின்தங்கியது என்பதை மட்டும் தெரிவிக்கும். டி7 குதிரை அவர் கண்ணிலேயே படவில்லையா, பட்டும் அது எஃப்6-க்கு வரும்போது ராணியையும் தாக்கும் என்பதைக் காணவில்லையா, அல்லது இ5 சிப்பாய் இருப்பதாக மனம் பழக்கத்தில் நினைத்துக்கொண்டதா? இந்த மூன்றும் வெவ்வேறு குறைகள். ஒவ்வொன்றுக்கும் பயிற்சி வேறு.

ஆகவே ஆட்டம் முடிந்ததும், நினைவு மங்குவதற்குள், பலி நடந்த இடத்திலும் எதிர்த்தாக்குதல் தொடங்கிய இடத்திலும் நீங்கள் எந்தெந்தக் கிளைகளைக் கணக்கிட்டீர்கள், எதை எதிர்பார்த்தீர்கள், எவ்வளவு நேரம் யோசித்தீர்கள் என்று எழுதிவையுங்கள். முடிந்தால் எதிராளியிடமும் அதையே கேளுங்கள். அவர் பயந்த நகர்த்தல் பெரும்பாலும் நீங்கள் யோசித்தே பாராத ஒன்றாக இருக்கும். அடுத்து, பலகையைத் திருப்பிவைத்து, எதிராளியின் சார்பில் உங்கள் பலியை முறியடிக்க முயலுங்கள். செக்குகள், வெட்டுகள், மிரட்டல்கள் என்ற வரிசையில் தேடிவிட்டு, அவற்றில் எதிலும் சேராத அமைதியான நகர்த்தல்களுக்கு வாருங்கள். ஆனந்தின் எஃப்5 போன்றவை ஒளிந்திருப்பது அங்கேதான். எஞ்சினைத் திறப்பது இதற்கெல்லாம் பிறகு.

திறந்த பின்னும் அது காட்டும் முதல் வரியோடு நின்றுவிடாதீர்கள். எஞ்சின் சமநிலை என்று மதிப்பிடும் நிலையில், அந்தச் சமநிலையைக் காக்கக் கறுப்புக்கு ஐந்தாறு நகர்த்தல்கள் தொடர்ந்து ஒரே ஒரு வழிதான் இருக்கிறது என்றால், பலகைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு அது சமநிலையே அல்ல. உங்கள் பலிக்கு எதிராளியிடம் சரியான பதில்கள் எத்தனை, அவற்றில் எளிதாகக் கண்ணில் படக்கூடியவை எத்தனை என்பதை எஞ்சினின் இரண்டாவது, மூன்றாவது வரிகளையும் வைத்துப் பாருங்கள். ஒரே பதில்தான், அதுவும் எட்டு நகர்த்தல் ஆழத்தில் என்றால் உங்கள் துணிவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. டி7-இல் நிற்கும் குதிரை ஒரே தாவலில் எஃப்6-க்கு வந்துவிடும் என்றால், அந்த பிஷப் டி3-இலேயோ இ4-இலேயோ இருந்து இன்னும் சில நகர்த்தல்கள் காத்திருக்கட்டும்.